எளிது என்று எழுதியிருந்தது

பிர்கத் அல் மவ்ஸ் சாவடியில் போலீஸ்காரர்
எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. குனிந்து
சக்கரங்களைப் பார்த்தார்.
நான்கும் இழுக்குமா?
இழுக்கும், என்றான் அருளப்பன்.
இன்னும் பதினெட்டுத் தவணை இழுக்கும் என்பதை
அரபியில் சொல்ல அவனுக்குத் தெரியாது.

சைக் மேட்டில் இறங்கியதும் காது அடைத்தது.
கீழே நிஸ்வாவில் முப்பத்தாறு.
இங்கே நவமணி சேலைக்கு மேல்
புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.
ஸுபைதா மட்டும் தலையை வெளியே நீட்டி
ஆஸ்பத்திரி வாடை இல்லாத காற்று என்றாள்,
என்னவோ அதை விலைக்கு வாங்கியவள்போல.

பாதை என் முழங்காலுக்காகத் தேர்ந்தது.
போன நோன்பு மாதம் அதற்குள் ஒரு திருகாணி வைத்தார்கள்.
பலகையில் போட்டிருந்தது:
தரம், எளிது. நேரம், இரண்டு மணி.
எழுதியவருக்கு
இரண்டு முழங்கால்களும் பிறந்தபோது வந்தவை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு எனக்
கல்லில் தீட்டிய பட்டைகள் வழி சொல்லும்.
ஒரு பட்டையில் நின்று
அடுத்த பட்டையைத் தேடுவதுதான் நடை.
வாய்க்காலின் ஒற்றைச் சுவர்மேல் ஓரிடம்.
இடப்பக்கம் முழங்கால் ஆழத் தண்ணீர்,
வலப்பக்கம் படிப்படியாய் ரோஜாச் செடிகள்,
அதற்கப்புறம்
ஒன்றுமில்லை. ஆகாயம்தான்.

அந்தச் சுவரில் எதிரே வந்தான் ஒருவன்,
சிட்டகாங்கில் பிறந்தவன்,
தோளில் கேஸ் சிலிண்டர், காலில் ரப்பர் செருப்பு.
நாங்கள் மூச்சை உள்ளிழுத்து ஒதுங்கினோம்.
சலாம் சொல்லிக்கொண்டே கடந்தான்.
பலகையை அவன் படித்ததில்லை.
ஒரு நாளைக்கு ஆறு தடவையாம்.

நான் வேலை பார்ப்பது தெற்கே, எண்ணெய்க் கிணறுகளின் நடுவே,
நீளமான ஒரு தகரக் கொட்டகையில்.
ஆயிரத்து நானூறு மீட்டர் கீழிருந்து
உருளை உருளையாய் மேலே வரும் பாறையைத்
துடைத்து, எண்ணிட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும்.
சில கூழாங்கற்களில் கீறல்கள் இருக்கும்,
எல்லாம் ஒரே திசையில்,
பாத்திரம் தேய்த்த கம்பி நார் விட்ட தடம்போல.
பனியாறு இழுத்துப்போன கல், என்றார் புவியியலாளர்
தேநீரை ஊதிக்கொண்டே.
முப்பது கோடி வருடத்துக்கு முன்னால்
இந்த நாட்டின் மேல் பனி நகர்ந்ததாம்.
வெளியே வந்து பார்த்தேன். நாற்பத்தெட்டு டிகிரி.
தண்ணீர்ப் பெட்டியில் ஐஸ் தீர்ந்துவிட்டதென்று
இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை நடந்தபடி சொன்னேன்.
அருளப்பன் நம்பவில்லை.
பனி நடக்குமா?
நடக்கும். நாளைக்கு ஒரு சாண்.
அப்போ உன் வேகம்தான், என்றான்.

அல் அய்னுக்கு அப்பால் வானம் ஈயம் பூசிக்கொண்டது.
முதலில் ஒன்று என் தொப்பியில்,
பிறகு மாதுளை இலைகளில் சடசடவென்று,
பிறகு எங்கும்.
ஆலங்கட்டி.
யாரோ ஒருவர் வீட்டுச் சுவரோரம் ஒண்டினோம்.
உள்ளிருந்து ஒரு பெண் கதவைத் திறந்து
எங்களைப் பார்த்து, வானத்தைப் பார்த்து,
கதவை மூடாமலே உள்ளே போனாள்.

ஸுபைதா டிபன் டப்பாவின் மூடியை வெளியே நீட்டினாள்.
எலுமிச்சைச் சோற்றின் மஞ்சள் ஒட்டிய மூடியில்
பனி நிறைந்தது.
கர்ச்சீப்பில் கொட்டி முடிந்து
என் முழங்காலில் வைத்து அழுத்தினாள்.
பத்து நிமிஷம் அசையாதே, இது மருந்து.
ஒன்பது வருஷம் டயாலிசிஸ் வார்டில் நின்ற கை.
அது சொன்னால் அசைய முடியாது.

திருகாணிக்குள் குளிர் இறங்கியது.
உருகி, காலுறை நனைந்து,
ஷூவுக்குள் குளமானது.
பெட்டிகளில் நான் எண்ணிட்டு அடுக்கிய கற்களுக்கு
இப்படித்தான் இருந்திருக்குமா,
முதலில் வலி, பிறகு மரத்துப்போதல்,
பிறகு ஒருநாள் மேலே ஒன்றுமே இல்லாதிருப்பது?
தெரியவில்லை. பனி அழுத்தியதைத்தான் கல் எழுதி வைத்திருக்கிறது,
விட்டுப்போனதை அல்ல.

இரண்டு மணி நேரப் பாதை.
நாலே காலில் முடித்தோம்.
இறக்கத்தில் எல்லா வண்டிகளின் பிரேக்கும் கருகி மணத்தது.
சாவடியில் அதே போலீஸ்காரர், இந்த முறை
பின்சீட்டில் நீட்டியிருந்த என் காலைப் பார்த்தார்.
அருளப்பன் கண்ணாடியை இறக்கி
எளிது, எளிது என்றான் தமிழிலேயே.
அவர் கையசைத்து விட்டுவிட்டார்.